'வின்' எங்கே, 'பீட்' எங்கே? தமிழ்மொழி மூல மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: வெள்ளவத்தை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். என்னிடம் வருபவர்கள் அனைவரும் தமிழ்மொழி மூலம் படிப்பவர்கள். பெரும்பாலானோர் கிரிக்கெட் என்றால் உயிரையே விடுபவர்கள். அதனால் கட்டுரைப் பயிற்சி என்று வரும்போது, பார்த்த ஒரு போட்டியைப் பற்றி எழுதி வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். எழுதி வரும் கொப்பிகளில் ஒரு வாக்கியம் மாத்திரம் மாறாமல் இருக்கிறது: 'ஸ்ரீலங்கா வொன் ஒஸ்ட்ரேலியா'. நான் அதை வெட்டி 'பீட்' என்று திருத்துகிறேன். ஏன் என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் அப்படித்தான் என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரமும் அதே பிழையோடுதான் வருகிறார்கள். ஆகவே காரணத்தோடு விளக்க விரும்புகிறேன்.

இதனுடன் சேர்த்து இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. 'பீட்' என்பதற்கும் 'டிஃபீட்' என்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன? ஆங்கிலப் பத்திரிகைகளில் வரும் 'த்ராஷ்', 'ட்ரௌன்ஸ்', 'ரௌட்' போன்றவற்றை மாணவர்கள் எடுத்தாளலாமா? சென்ற வாரம் ஒரு பிள்ளை, 'பீட்' என்றால் அடிப்பதுதானே மிஸ், எதிரணியை அடித்தார்கள் என்று எழுதுவது மரியாதைக் குறைவு இல்லையா என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. அவளுக்கும் நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும்.

பதில்: கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் கவனக்குறைவால் இப்படி எழுதவில்லை. தமிழை நன்றாக அறிந்திருப்பதால்தான் எழுதுகிறார்கள். அதை முதலில் அவர்களிடமே சொல்லிவிடுவது நல்லது.

நம்முடைய 'வெல்' என்ற வினை இருவகைச் செயப்படுபொருளையும் ஏற்கும். 'இலங்கை 1996இல் உலகக் கிண்ணத்தை வென்றது' என்கிறோம். 'லாகூரில் நடந்த இறுதிப் போட்டியில் இலங்கை அவுஸ்திரேலியாவை வென்றது' என்றும் சொல்கிறோம். 'ஐ' உருபு கிண்ணத்தோடும் சேர்கிறது, எதிரணியோடும் சேர்கிறது. தமிழ்க் காதுக்கு இரண்டும் இயல்பாகவே ஒலிக்கின்றன. ஆங்கிலமோ இந்த வேலையை இரண்டு வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 'வின்' என்பதற்குப் பின்னால் வருவது கைக்குக் கிடைத்த பொருள், அல்லது வெற்றி கிடைத்த களம்: கிண்ணம், பதக்கம், பரிசு, போட்டி, தொடர், தேர்தல், வழக்கு, நாணயச் சுழற்சி. 'பீட்' என்பதற்குப் பின்னால் வருவது எதிரே நின்றவர்: ஓர் அணி, ஒரு வீரர், ஒரு வேட்பாளர். ஆகவே 'ஸ்ரீலங்கா வொன் ஒஸ்ட்ரேலியா' என்பதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கு, அவுஸ்திரேலியாவையே பரிசாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பது போன்ற ஒரு பொருள் தோன்றும். இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

சொற்களின் பிறப்பைப் பார்த்தால் இந்தப் பிரிவினை இன்னும் தெளிவாகும். 'வின்' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'வின்னன்'; பாடுபடுதல், போராடுதல் என்பது அதன் பொருள். பாடுபட்டுப் பெறுதல் என்ற இன்றைய பொருள் அதிலிருந்து வளர்ந்தது. பெறுவதற்கு ஒரு பொருள் வேண்டும், ஆகவே அதன் பின் பொருள் வருகிறது. 'பீட்' அன்று முதல் இன்று வரை அடித்தலைக் குறிக்கும் வினை. அடி வாங்குவதற்கு ஒருவர் வேண்டும், ஆகவே அதன் பின் ஆள் வருகிறார்.

வகுப்பில் இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பின்பு 'எதை வென்றார்கள்?' 'யாரை வென்றார்கள்?' என்ற இரண்டு கேள்விகளில் எது பொருந்துகிறது என்று கேளுங்கள். எதை என்றால் 'வின்', யாரை என்றால் 'பீட்'. நாட்டின் பெயர் அஃறிணை அல்லவா, அதற்கு 'எதை' என்றுதானே கேட்க வேண்டும் என்று ஒரு சூட்டிகையான பிள்ளை மடக்கக்கூடும். அங்கே குறிக்கப்படுவது நிலப்பரப்பு அன்று, களத்தில் இறங்கிய பதினொருவர் என்று விளக்குங்கள். நாம் பின்பற்றும் பிரித்தானிய ஆங்கிலமும் விளையாட்டு அணியைப் பெரும்பாலும் பன்மையாகவே கொள்கிறது. 'ஸ்ரீலங்கா வேர் பீட்டன்' என்று எழுதுவது அதனால்தான்.

'வின்' என்ற வினையை விட மனமில்லாதவர்கள் 'அகெய்ன்ஸ்ட்' என்பதை இடையில் சேர்த்துக்கொள்ளலாம். 'ஸ்ரீலங்கா வொன் அகெய்ன்ஸ்ட் ஒஸ்ட்ரேலியா' என்பது சரியான வாக்கியம். 'ஓவர்' என்பதில் மாத்திரம் எச்சரிக்கை தேவை. பெயர்ச்சொல்லாக 'எ வின் ஓவர் ஒஸ்ட்ரேலியா' என்றால் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான வெற்றி என்றே பொருள். அதில் குறை ஏதும் இல்லை. அதுவே 'வொன் ஓவர்' என்று வினையாக மாறும்போது, பேசியோ பழகியோ ஒருவரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதைக் குறிக்கும். ஒரே இரண்டு சொற்கள், பெயராக நின்றால் ஒரு பொருள், வினையாக நின்றால் வேறு பொருள். உயர்தர மாணவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்குகிறார்கள்.

காலம் காட்டும் வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்காலமும் 'பீட்', இறந்தகாலமும் 'பீட்', மூன்றாவது வடிவம் 'பீட்டன்'. 'பீட்டட்' என்று ஒன்று கிடையாது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அவளிடம் 'தோற்கடித்தார்கள்' என்ற சொல்லை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள்ளேயே ஓர் 'அடி' இருக்கிறது. 'சாகடி', 'திணறடி', 'கலங்கடி', 'சிதறடி', 'முறியடி' என்று அந்த அடி நம் மொழியில் எத்தனையோ வினைகளோடு கூடி வருகிறது. 'இலங்கை இங்கிலாந்தைத் தோற்கடித்தது' என்று வானொலியில் கேட்கும்போது பிரம்பும் கையுமாக யாரையும் நாம் கற்பனை செய்வதில்லை. ஆங்கிலேயருக்கும் 'பீட்' அப்படித்தான். மரியாதைக் குறைவு அதில் இல்லை. அடிதடியைச் சொல்ல விரும்பினால் அவர்கள் 'பீட் அப்' என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்வது வழக்கம். ஒன்றை மாத்திரம் அவதானிக்க வேண்டும்: 'ஹி வொஸ் பீட்டன்' என்று தனியே நின்றால் அது தோல்வியா, உதையா என்பதைச் சூழல்தான் தீர்மானிக்கும். அரையிறுதியில் என்று தொடர்ந்தால் தோல்வி. பொலிஸ் நிலையத்தில் என்று தொடர்ந்தால் வேறு.

பதில்: செய்தியறை

நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இரவு முழுவதும் ஆங்கில முகவரகச் செய்திகளைத் தமிழாக்குவதே என் வேலை. சேர் சொன்னதற்கு மேல் 'வின்', 'பீட்' பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் என் அனுபவத்திலிருந்து பதில் தருகிறேன்.

'டிஃபீட்' சற்று உடுத்திக்கொண்டு வரும் சொல். பழைய பிரெஞ்சில் 'செய்ததைக் குலைத்தல்' என்ற பொருளிலிருந்து வந்தது. போர், தேர்தல், நாடாளுமன்றம் ஆகியவற்றில் அதுவே பொருத்தம். 2018 ஏப்ரல் 4ஆம் திகதி அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை, ஆதரவாக 76 வாக்குகளும் எதிராக 122 வாக்குகளும் அளிக்கப்பட்டுத் தோற்கடிக்கப்பட்டது. அதை ஆங்கிலத்தில் 'டிஃபீட்டட்' என்றுதான் எழுத வேண்டும். பிரேரணையை யாரும் 'பீட்' செய்வதில்லை. ஒரு செயல் தன் நோக்கத்தையே கெடுத்துக்கொள்ளும்போது 'டிஃபீட்ஸ் த பேர்ப்பஸ்' என்பதும் இதே குலைத்தல் பொருளில்தான். கிரிக்கெட் போட்டிக்கு இரண்டும் பொருந்தும். நாளாந்தச் செய்தியில் 'பீட்' இயல்பாக இருக்கும், 'டிஃபீட்' கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

'த்ராஷ்', 'ட்ரௌன்ஸ்', 'ரௌட்' மூன்றும் படுதோல்விக்கு உரியவை. இங்குதான் தமிழ்ப் பத்திரிகைகளிலும் பிழை அதிகம். வெற்றி என்றாலே 'துவம்சம்' என்று தலைப்பிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் எல்லா வெற்றிக்கும் 'த்ராஷ்' போட்டுவிடுகிறார்கள். ஸ்கோரைப் பார்த்த பிறகுதான் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் நாங்கள் விடாமல் கடைப்பிடிக்கும் ஒழுங்கு.

2019 பெப்ரவரியில் டர்பனில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக நடந்த டெஸ்ட் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கு இலக்கு 304. ஒன்பதாவது விக்கெட் 226 ஓட்டங்களில் வீழ்ந்தது. குசல் பெரேரா 153 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். விஷ்வ பெர்னாண்டோ மறுமுனையில் 6 ஓட்டங்களோடு நின்றுகொடுக்க, இருவரும் பிரியாத 78 ஓட்டங்களைச் சேர்த்தார்கள். ஒரு விக்கெட்டினால் வெற்றி. இதற்கு 'த்ராஷ்' என்று எழுதினால் செய்தியே பொய்யாகிவிடும். 'எட்ஜ்' அல்லது 'பிப்' என்றால் மயிரிழையில் வென்றது என்ற பொருள் வரும். வெறும் 'பீட்' என்றாலும் போதுமானது.

மறுபக்கத்தில், 2023 செப்டெம்பர் 17ஆம் திகதி நம் கொழும்பு பிரேமதாச மைதானத்தில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. மொஹமட் சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார், இலங்கை 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது, இந்தியா 6.1 ஓவர்களில் விக்கெட் இழப்பின்றி ஆட்டத்தை முடித்தது. எழுதுவதற்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அந்த இரவுக்குரிய ஆங்கில வினைகள் 'த்ராஷ்', 'ட்ரௌன்ஸ்', 'ரௌட்' ஆகியவைதான். 'ரௌட்' என்பது போரில் படை சிதறிப் புறமுதுகிட்டு ஓடுவதைக் குறித்த சொல். துடுப்பாட்ட வரிசை சரிந்து விழும்போது அது மிகவும் பொருந்தும்.

தலைப்புகளைப் பற்றி ஒரு குறிப்பு. ஆங்கிலத் தலைப்புகள் நேற்று முடிந்த போட்டியையும் நிகழ்காலத்தில் சொல்லும். அணியும் பன்மை என்பதால் 'ஸ்ரீலங்கா த்ராஷ் பங்ளாதேஷ்' என்று 'எஸ்' இல்லாமல் வரும். பிள்ளைகள் அதை அப்படியே கட்டுரைக்குள் எடுத்துவைத்துவிட்டால் இறந்தகாலம் போய்விடுகிறது. கட்டுரையில் 'த்ராஷ்ட்' என்றுதான் எழுத வேண்டும். 'பீட்' என்ற சொல்லில் மாத்திரம் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

பதில்: புள்ளிப்பதிவாளர், தெமட்டகொடை

மொழி விடயத்தில் நான் நிபுணன் அல்லன்; பாடசாலைப் போட்டிகளுக்குப் புள்ளி பதிபவன். ஆயினும் 'பீட்டன்' என்ற சொல்லுக்குக் கிரிக்கெட்டில் ஒரு தனிப் பொருள் உண்டு என்பதை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன்.

பந்து மட்டையின் விளிம்பை உரசாமல் கடந்து விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனால் வர்ணனையாளர் 'பீட்டன்!' என்பார். துடுப்பாட்ட வீரர் ஏமாந்தார் என்பதே அதன் பொருள். அவர் ஆட்டமிழக்கவில்லை, அடுத்த பந்துக்குத் தயாராக அங்கேயே நிற்கிறார். 'பீட்டன் இன் த ஃப்ளைட்' என்றால் காற்றில் பந்து இறங்கிய இடத்தைக் கணிக்கத் தவறினார் என்றும், 'பீட்டன் ஃபோர் பேஸ்' என்றால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றும் பொருள். முரளிதரன் 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 16 விக்கெட்டுகளை வீழ்த்திய போட்டியில், இலங்கை 10 விக்கெட்டுகளால் வென்றது. அந்த ஒரே போட்டியைப் பற்றி எழுதும்போது, முரளியின் பந்து ஒரு வீரரை 'பீட்' பண்ணியது என்றும், இலங்கை அணி இங்கிலாந்தை 'பீட்' பண்ணியது என்றும் ஒரே வினையை இரண்டு அளவில் எழுத வேண்டி வரும்.

இணையத்தில் ஆங்கில நேரடி வர்ணனையைத் தமிழாக்குபவர்கள் சிலர், இத்தகைய 'பீட்டன்' வரும் இடத்தில் 'தோற்கடிக்கப்பட்டார்' என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் விக்கெட் விழுந்துவிட்டது என்று எண்ணுவார். 'பந்தைத் தவறவிட்டார்' என்றோ 'பந்து மட்டையை ஏமாற்றிச் சென்றது' என்றோ எழுதினால் களத்தில் நடந்தது சரியாக வந்துவிடும்.

பதில்: மட்டக்களப்பான், தற்போது தெஹிவளை

செய்தியறை அண்ணன் 'த்ராஷ்' பற்றிச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அது 'த்ரெஷ்' என்பதன் மறுவடிவம். 'த்ரெஷ்' என்றால் கதிரடித்தல், நம் ஊரில் சூடடித்தல் என்கிறோமே அதுதான். கதிரை அடித்து நெல்லைப் பிரிக்கும் வேலை, எதிரியை அடித்து நொறுக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் போயிருக்கிறது. நம் பழைய இலக்கணமும் இதே தொடர்பைக் கண்டிருக்கிறது. புறத்திணையில் 'மறக்களவழி' என்று ஒரு துறை உண்டு. போர்க்களத்தை ஏர்க்களமாகவும் வென்ற வேந்தனை உழவனாகவும் உருவகித்துப் பாடுவது அது. 'போர்' என்ற சொல்லே சண்டையையும் வைக்கோற்போரையும் ஒருங்கே குறிக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமலேயே வயலிலிருந்து களத்துக்கு ஒரே வழியில் நடந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

ஆனால் ஒரு விடயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 'வீ வொன் தெம்' என்று கொழும்பில் எத்தனை பேர் பேசுகிறார்கள்! கேட்பவருக்கும் விளங்குகிறது. சிங்கப்பூரிலும் பேச்சில் இப்படிச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் விளங்கும் ஒன்றைச் சிவப்பு மையால் வெட்டுவது அவசியம்தானா?

பதில்: கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, மறக்களவழியை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி. அது எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கேள்வி நியாயமானது. மைதானத்தில் நண்பர்கள் கதைக்கும்போது 'வீ வொன் தெம்' என்றால் நான் திருத்தப்போவதில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். நாளைக்கு ஒரு வேலை விண்ணப்பமோ அறிக்கையோ எழுதப் போகிறவர்கள். விடைத்தாள் திருத்துபவர் அங்கே நட்புக்காக விட்டுக்கொடுக்க மாட்டார். கொழும்பில் ஆங்கிலம் வீட்டிலேயே புழங்கும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு கேட்டுக் கேட்டே வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு யாராவது எடுத்துச் சொன்னால்தான் வரும். சொல்லாமல் விட்டால் இழப்பு அவர்களுக்குத்தான். ஆகவே ஆசிரியை வெட்டுவது சரி. காரணத்தையும் சொல்லி வெட்ட வேண்டும் என்று அவர் எண்ணுவது அதைவிடச் சரி.

வெள்ளவத்தை ஆசிரியை

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. 'எதை, யாரை' என்ற சோதனையை நேற்றே வகுப்பில் செய்து பார்த்தேன். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஒரு புதுச் சந்தேகம் எழுந்துவிட்டது. ஒரு மாணவன், 'பீட் த ரெக்கோர்ட்' என்று படித்திருக்கிறேன், 'பீட் த ட்ராஃபிக்' என்று விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன், சாதனையும் வாகன நெரிசலும் ஆட்கள் இல்லையே, அங்கே 'எதை' என்றுதானே கேட்க வேண்டும் என்றான். மேலும், தோற்றவர் பக்கமிருந்து சொல்லும்போது 'லொஸ்ட் வித்', 'லொஸ்ட் ஃப்ரொம்' என்று பலவாறாக எழுதுகிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அந்த மாணவனைப் பாராட்டுங்கள். சோதனையை இப்படிச் சற்று விரித்துக்கொள்ளலாம்: எதிரே நிற்பது ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை, எதிராக நின்றால் போதும். பழைய சாதனை நம்மை மறித்து நிற்கிறது, அதைத் தாண்டுகிறோம். தமிழிலும் 'சாதனையை முறியடித்தான்' என்கிறோம், அங்கும் அதே 'அடி' இருக்கிறது. காலி வீதியில் நெரிசல் தொடங்குவதற்கு முன்னர் வீட்டிலிருந்து புறப்பட்டுவிட்டால் நெரிசலை முந்திக்கொண்டோம்; அதுதான் 'பீட் த ட்ராஃபிக்'. முடிவுத் திகதிக்கு முன் வேலையைக் கொடுத்தால் 'பீட் த டெட்லைன்'. நாம் சொல்ல நினைத்ததை வேறொருவர் முந்திச் சொல்லிவிட்டால் 'ஹி பீட் மீ டு இட்'. இவற்றில் எதையும் நாம் பெறவில்லை என்பதைக் கவனியுங்கள். நெரிசலோ முடிவுத் திகதியோ கைக்கு வந்து சேர்வதில்லை. ஆகவே அங்கே 'வின்' வராது.

தோற்றவர் பக்கத்துக்குத் தமிழே கைகொடுக்கும். 'இந்தியா இலங்கையிடம் தோற்றது' என்பதில் வரும் 'இடம்' ஆங்கிலத்தில் 'டு' ஆகிறது: 'இண்டியா லொஸ்ட் டு ஸ்ரீலங்கா'. செயப்பாட்டு வினையில் எழுதினால் 'பை' இரண்டு முறை வரும். வென்றவருக்கு ஒன்று, வித்தியாசத்துக்கு ஒன்று. பிள்ளைகள் ஒன்றை விட்டுவிடுவார்கள் அல்லது இரண்டையும் குழப்புவார்கள், ஆகவே தனியே பழக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரே செய்தியைக் கொடுத்துப் பலவிதமாக எழுதச் சொல்லுங்கள். 2014 ஏப்ரல் 6ஆம் திகதி மிர்பூரில் நடந்த இருபதுக்கு 20 உலகக் கிண்ண இறுதிப் போட்டி, இலங்கை இந்தியாவை 6 விக்கெட்டுகளால் வென்றது. அதற்கு விடைகள் இவ்வாறு அமையும்: 'ஸ்ரீலங்கா வொன் த வேர்ல்ட் கப்', 'ஸ்ரீலங்கா பீட் இண்டியா பை சிக்ஸ் விக்கெட்ஸ்', 'இண்டியா லொஸ்ட் டு ஸ்ரீலங்கா', 'இண்டியா வேர் பீட்டன் பை ஸ்ரீலங்கா பை சிக்ஸ் விக்கெட்ஸ்'. அதன் பின்னர் டர்பன் போட்டியைக் கொடுத்து இதே நான்கையும் அவர்களாகவே எழுதச் சொல்லுங்கள். அங்கே ஒரு விக்கெட்தான் என்பதால் 'விக்கெட்ஸ்' என்பதில் உள்ள 'எஸ்' போய்விடும் என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.